பூமத்தியரேகை மலைகளில் பனியாறுகள் விட்டுப்போன மேடுகள்: ஒரு கல்லின் வயது காலநிலையைப் பற்றி என்ன சொல்கிறது?

1970களின் கடைசியில் பழங்காலக் காலநிலையை ஆராய்ந்தவர்களிடம் ஒத்துப்போகாத இரண்டு கணக்குகள் இருந்தன. முதலாவது கடலிலிருந்து வந்தது. கிளைமேப் என்ற பெரிய கூட்டுத் திட்டம், கடலடி வண்டலில் புதைந்த நுண்ணுயிர்களின் ஓடுகளை வைத்துப் பனியுகக் கடல்களின் வெப்பநிலையைக் கணித்திருந்தது. 1976லும் 1981லும் வந்த அதன் முடிவுகளின்படி, பனியுகம் உச்சத்தில் இருந்தபோதும் வெப்பமண்டலக் கடல்கள் பெரிதாகக் குளிரவில்லை. பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு டிகிரி குறைந்திருந்தது, அவ்வளவுதான். பசிபிக்கின் சில பகுதிகள் இன்றைவிடச் சற்றுச் சூடாகவே இருந்தன என்றும் அந்த வரைபடம் காட்டியது.

இரண்டாவது கணக்கு மலைகளிலிருந்து வந்தது. ஆண்டீஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, நியூகினி என்று எங்கே பார்த்தாலும் பழைய பனியாறுகளின் தடங்கள் இன்றைய பனிக்கு வெகு கீழே கிடந்தன. பனிக்கோடு, அதாவது ஆண்டு முழுவதும் பனி தங்கும் இடத்தின் கீழெல்லை, சராசரியாக 900 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், மலையுச்சிகள் 5 டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்க வேண்டும். அடியில் கடல் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் குளிர, மேலே மலை மட்டும் எப்படி 5 டிகிரி குளிரும்?

இது வெறும் ஏட்டுச் சண்டையாக இருக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் வெப்பமண்டலம் எவ்வளவு குளிரும் என்பது தெரிந்தால், அது கூடும்போது எவ்வளவு சூடாகும் என்பதையும் சோதித்துப் பார்க்கலாம். உலகின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெப்பமண்டலம்தான். அதைத் தவறாகக் கணித்தால் மொத்தக் கணக்கும் ஆட்டம் கண்டுவிடும்.

மலையின் சாட்சியை ஏற்க வேண்டுமானால் முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும்: கீழே கிடக்கும் அந்தத் தடங்கள் எந்தக் காலத்தவை? எல்லாம் ஒரே சமயத்தவையா, இல்லை வெவ்வேறு பனியுகங்களின் மிச்சங்களை நாம் ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கிறோமா? 1980களில் இதற்கு உறுதியான பதில் ஏறக்குறைய எந்த வெப்பமண்டல மலைக்கும் இல்லை.

அந்தத் தடங்களில் முக்கியமானவை மொரைன்கள். பனியாறு நகரும்போது பாறையைச் சுரண்டி, இருபுறச் சரிவுகளிலிருந்தும் விழும் கற்களைச் சுமந்து, தன் ஓரத்திலும் முனையிலும் கொட்டிவிடும். முனை கொஞ்ச காலம் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஒரு மேடு எழும். அப்புறம் பனியாறு பின்வாங்கினாலும் மேடு அப்படியே இருக்கும். பள்ளத்தாக்கின் குறுக்கே பிறை வடிவில் கிடக்கும் அந்த மேட்டைப் பார்த்தாலே பனி எதுவரை வந்தது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து பழைய பனியாற்றின் வரைபடத்தைப் போட்டு, சமநிலைக் கோட்டின் உயரத்தைக் கணிப்பார்கள். ஆண்டு முழுவதும் சேரும் பனியும் இழக்கும் பனியும் சரிக்குச் சரியாகும் உயரம் அது. நடு அட்சரேகைகளில் பனியாற்றின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும். வெப்பமண்டலத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல், ஐந்தில் நான்குகூட இருக்கலாம். அங்கே குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. பனியாற்றின் கீழ்நுனி 12 மாதமும் உருகிக்கொண்டே இருக்கும், அதனால் அது கீழே நீளமாக நீட்டிக்கொண்டு இருக்க முடியாது.

மொரைன் ஒரு முழுமையான பதிவேடு அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் பெரிய பனியாறு முன்னால் இருந்த சிறிய மேடுகளை உழுது தள்ளிவிடும். ஆகவே மிஞ்சியிருப்பவை, அதற்குப் பிறகு அந்த எல்லையை யாரும் தாண்டாத மேடுகள் மட்டுமே. ஏரி வண்டல் போல ஆண்டுக்காண்டு தொடர்ச்சியான கதை இதில் கிடைக்காது. இன்ன காலத்தில் பனி இன்ன இடம் வரை வந்தது, அதன் பிறகு அவ்வளவு தூரம் வரவேயில்லை என்ற அளவுக்குத்தான் கிடைக்கும். ஆனால் கிடைக்கும் அந்தத் தகவல் மறுக்க முடியாதது.

முதலில் கைகொடுத்தது ரேடியோகார்பன். அது கல்லைத் தேதியிடாது. உயிரோடு இருந்த ஏதாவது வேண்டும். மொரைனுக்குப் பின்னால் நீர் தேங்கி ஏரியாகும், ஏரியின் அடியில் இலைதழை படியும். அடிமட்ட வண்டலின் வயது தெரிந்தால், மேடு அதைவிடப் பழையது என்று மட்டும் சொல்லலாம். உகாண்டாவுக்கும் காங்கோவுக்கும் இடையே உள்ள ருவென்சோரி மலையில் மஹோமா ஏரி சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் மொரைன்களுக்கு நடுவே இருக்கிறது. 1962ல் லிவிங்ஸ்டன் என்ற ஆய்வாளர் அதன் அடி வண்டலைத் தேதியிட்டபோது சுமார் 14,700 ரேடியோகார்பன் ஆண்டுகள் என்று வந்தது. நாட்காட்டி ஆண்டுகளுக்கு மாற்றினால் ஏறக்குறைய 18,000. அந்த மேடு அதற்கு எவ்வளவு முன்பு எழுந்தது, நூறு ஆண்டா, ஐயாயிரம் ஆண்டா என்பதை ஏரி சொல்லாது. பனி விலகியதும் அந்தப் பள்ளத்தில் செடி கொடிகள் உடனே முளைத்தனவா, தாமதமாகவா என்பதும் தெரியாது.

இதைவிட நல்ல நிலை அபூர்வமாக வாய்க்கும். பெருவின் தென்கிழக்கில் கெல்காயா என்ற பெரிய பனிமூடி இருக்கிறது. அதற்குக் கீழே ஹுவான்கானே பள்ளத்தாக்கில் பனியாறு முன்னேறி வந்தபோது, வழியில் இருந்த கரிச்சேற்று நிலத்தை உழுது தன் மேட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டது. மேட்டுக்குள் அகப்பட்ட தாவர மிச்சம் மேட்டைவிடப் பழையது; பனி போன பிறகு மேட்டுக்கு உட்புறம் வளர்ந்தது மேட்டைவிட இளையது. இரண்டையும் தேதியிட்டால் மேட்டின் வயது நடுவில் மாட்டிக்கொள்ளும். 1970களில் ஜான் மெர்சர் இங்கே இந்த வேலையைத் தொடங்கினார். மேற்கு அண்டார்டிகாவின் பனி உடையக்கூடும் என்று 1978லேயே எச்சரித்தவரும் இதே மெர்சர்தான். ஹுவான்கானே மேடு பிற்பாடு வேறொரு காரணத்துக்காக முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரும்பாலான வெப்பமண்டல மொரைன்களுக்கு இப்படி மேலும் கீழும் அணைபோடத் தாவர மிச்சம் கிடையாது. 4,500 மீட்டருக்கு மேலே பெரும்பாலும் வெறும் கல்லும் காற்றும்தான். ஆகவே கல்லையே தேதியிட வேண்டியிருந்தது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி, நியூட்ரான்களை மழையாகப் பொழிகின்றன. அவற்றில் சில தரையில் உள்ள பாறையையும் தாக்கும். குவார்ட்ஸில் இருக்கும் ஆக்சிஜன் அணுவை வேகமான நியூட்ரான் ஒன்று அடித்தால் அணுக்கரு சிதறி, எப்போதாவது பெரிலியம்-10 உண்டாகும். அதன் அரை ஆயுள் சுமார் 13.9 லட்சம் ஆண்டு. எனவே நமக்கு வேண்டிய சில ஆயிரம் ஆண்டுகளில் சிதைவு மிகமிகக் குறைவு, உண்டானது ஏறக்குறைய அப்படியே சேர்ந்துகொண்டே போகும். பாறைக்குள் சுமார் 60 சென்டிமீட்டர் போனால் உற்பத்தி, மேற்பரப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமான அளவுக்கு இறங்கிவிடும். இன்னும் ஆழத்தில் அற்பம். மலையின் உள்ளிருந்து பனியாறு பெயர்த்தெடுத்த பாறையில் ஆரம்பத்தில் பெரிலியம்-10 ஏறக்குறைய இருக்காது. மேட்டில் கொட்டப்பட்டு வானத்தைப் பார்த்த நாளிலிருந்து அது சேரத் தொடங்கும். மழையில் வைத்த பாத்திரத்தைப் போலத்தான்: தண்ணீரை அளந்தால் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று சொல்லலாம், மழை எந்த வேகத்தில் பெய்தது என்று தெரிந்திருந்தால்.

அந்த 'தெரிந்திருந்தால்' என்பதில்தான் இந்தத் துறையின் பாதிக் கதை இருக்கிறது.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். மேட்டின் உச்சி முகட்டில், ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக, நன்றாகப் பதிந்து நிற்கும் பாறையைத் தேடுவார்கள். சரிவில் கிடப்பது பின்னால் உருண்டு வந்திருக்கலாம். குட்டையான கல் மண்ணுக்குள் புதைந்திருந்து, மேடு தேய்ந்த பிறகு வெளிவந்திருக்கலாம். பாறையின் தட்டையான தலைப்பகுதியில் உளியும் சுத்தியலும் வைத்து மேல் சில சென்டிமீட்டரை மட்டும் பெயர்ப்பார்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ போதும். சுற்றிலும் உள்ள மலைச்சிகரங்கள் வானத்தில் எவ்வளவை மறைக்கின்றன என்று ஒவ்வொரு திசையிலும் கோணம் எடுப்பார்கள், மலை மறைத்த பக்கத்திலிருந்து கதிர் வராது என்பதால். ஒரு மேட்டில் ஒரு கல் போதாது. ஐந்தாறு கற்களாவது வேண்டும்.

ஆய்வகத்தில் கல்லை நொறுக்கிச் சலித்து, குவார்ட்ஸை மட்டும் பிரித்தெடுப்பார்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் திரும்பத் திரும்ப ஊறவைத்து மேல்தோலைக் கரைத்துவிடுவார்கள். மழையோடு வந்து ஒட்டிய பெரிலியம்-10 அந்தத் தோலில் இருக்கும், அது கலந்தால் வயது கெட்டுவிடும். மிஞ்சிய சுத்தமான குவார்ட்ஸை முழுதாகக் கரைத்து, அளவு தெரிந்த சாதாரண பெரிலியத்தை, கால் மில்லிகிராம் போல, சேர்ப்பார்கள். பெரிலியத்தைத் தனியே பிரித்து ஆக்சைடாக்கி, துகள்முடுக்கியுடன் இணைந்த நிறைமாலைமானியில் வைத்து அணுக்களை எண்ணுவார்கள். எண்ணிக்கை எவ்வளவு அற்பமானது என்று சொன்னால்தான் இந்த வேலையின் நுட்பம் புரியும். ஆண்டீஸில் 4,800 மீட்டர் உயரத்தில் 12,000 ஆண்டு வெயில் பார்த்த ஒரு கிராம் குவார்ட்ஸில் பெரிலியம்-10 அணுக்கள் சுமார் 5 லட்சம் இருக்கும். அதே ஒரு கிராமில் உள்ள மொத்த அணுக்களை எழுத வேண்டுமானால் 3 போட்டு அதன் பின்னால் 22 சுழியம் போட வேண்டும்.

கிளிமஞ்சாரோ, கென்யா மலை போன்ற எரிமலைகளில் குவார்ட்ஸ் கிடைப்பது அரிது. அங்கே குளோரின்-36, பைராக்சீன் என்ற கனிமத்தில் சேரும் ஹீலியம்-3 போன்றவற்றை நாடுகிறார்கள். கணக்கு இன்னும் சிக்கல், அடிப்படை ஒன்றுதான்.

கற்கள் ஏமாற்றவும் செய்யும். மலைமுகட்டில் ஏற்கெனவே வெயில் பார்த்துக்கொண்டிருந்த பாறை, பனியாற்றின் முதுகில் விழுந்து அப்படியே மேட்டுக்கு வந்திருந்தால், பழைய பெரிலியத்தையும் சுமந்து வரும். வயது கூடுதலாகக் காட்டும். தோல் உரிந்த கல்லும், மண்ணில் புதைந்திருந்து வெளிவந்த கல்லும் வயதைக் குறைத்துக் காட்டும். ஒரே மேட்டின் கற்கள் பக்கத்துப் பக்கத்து வயதைத் தந்தால் நிம்மதி. சிதறினால் எதை விலக்குவது என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. கட்டுரைகளில் அந்த விலக்கலுக்கான காரணத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். சராசரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி மழையின் வேகம். உற்பத்தி வீதம் உயரத்தோடு வேகமாக ஏறும், மேலே காற்று மெலிந்து தடுப்பு குறைவதால். துருவப் பக்கத்தைவிடப் பூமத்தியரேகைப் பக்கம் குறையும், பூமியின் காந்தப்புலம் அங்கே கதிர்களை அதிகம் திருப்பிவிடுவதால். காந்தப்புலத்தின் வலிமையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் அதிகம் பாதிப்பது குறைந்த அட்சரேகையைத்தான், உயரம் கூடினால் பாதிப்பு இன்னும் கூடும். ஆனால் வயது தெரிந்த பாறைகளை வைத்து வீதத்தை அளந்த இடங்கள் நெடுங்காலம் பெரும்பாலும் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும்தான். அங்கே தாழ்வான இடத்தில் கிடைத்த எண்ணைச் சூத்திரம் போட்டு 4,800 மீட்டர் உயரத்துக்கும் பூமத்தியரேகைக்கும் நீட்டினார்கள். எந்த மலைகளுக்கு இந்த முறை அதிகம் தேவைப்பட்டதோ, அந்த மலைகளில்தான் அதன் பிடிமானம் குறைவாக இருந்தது.

அடிப்படை எண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடல்மட்டத்தில், உயர் அட்சரேகையில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு உண்டாகும் அணுக்கள் 1989ல் சுமார் 6 என்றார்கள். 2000 வாக்கில் 5 ஆனது. இன்று 4 என்கிறார்கள். அரை ஆயுளே 15 லட்சத்திலிருந்து 2010 வாக்கில் 13.9 லட்சத்துக்கு வந்து நின்றது. அளவுகோலாக வைத்த மாதிரிகளின் மதிப்பும் அந்த ஆண்டுகளில் திருத்தப்பட்டது. வீதம் குறைந்தால் அதே கல்லுக்கு வயது கூடும். 12,500 ஆண்டு என்று வந்த கல், வீதத்தை 10 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 13,900 ஆகிவிடும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம். பனியுகத்தின் முடிவில் அந்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான் கதையையே மாற்றுபவை.

ஏன் என்று பார்ப்போம். உலகம் பனியுகத்திலிருந்து வெளியேறிய விதம் சீராக இல்லை. சுமார் 14,700 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை தெற்கே அண்டார்டிகாவில் சூடாவது தடைப்பட்டுக் குளிர் திரும்பியது. வடக்கே அப்போது வெதுவெதுப்பு. அதை அண்டார்டிகக் குளிர்த்திருப்பம் என்பார்கள். அடுத்து, சுமார் 12,900 முதல் 11,700 வரை வடக்கில் இளைய டிரையாஸ் என்ற கடுங்குளிர். தெற்கே அப்போது சூடாகிக்கொண்டிருந்தது. அட்லாண்டிக் கடல்நீரோட்டம் வெப்பத்தை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்பதைப் பொறுத்து இரு அரைக்கோளங்களும் மாறிமாறிக் குளிர்ந்தன. நடுவில் இருக்கும் வெப்பமண்டலம் யார் பக்கம் நின்றது? ஆண்டீஸில் ஒரு மொரைன் 12,500 என்று வந்தால் அது வடக்கோடு சேர்ந்து குளிர்ந்தது; 13,900 என்று வந்தால் தெற்கோடு. இந்தக் கேள்விக்கான பதில் பல ஆண்டுகள் உற்பத்தி வீதத்தின் கையில் இருந்தது.

இங்கேதான் ஹுவான்கானே மேடு மறுபடி வருகிறது. அதன் வயது ரேடியோகார்பனால் இருபுறமும் கட்டப்பட்டிருந்தது, ஏறக்குறைய 12,300 ஆண்டு. அதே மேட்டின் பாறைகளில் பெரிலியம்-10ஐ அளந்து, வயதால் வகுத்தால், அந்த உயரத்துக்கும் அந்த அட்சரேகைக்கும் நேரடியான உற்பத்தி வீதம் கிடைத்துவிடும். மெரிடித் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2015ல் இதை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு கிராமுக்கு 40க்கும் மேற்பட்ட அணுக்கள், கடல்மட்டத்தைப் போல 10 மடங்குக்கும் கூடுதல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே பொலிவியாவின் உயர்பீடபூமியில் பியர்-ஹென்றி பிளார்டின் குழு, மறைந்துபோன ஏரி ஒன்றின் கரையோடு தொடர்புள்ள பாறைகளை வைத்து இதே போன்ற அளவீடு ஒன்றைச் செய்திருந்தது. சூத்திரத்தால் நீட்டிய எண்ணுக்குப் பதில் அந்த மலையிலேயே அளந்த எண். வெப்பமண்டல மொரைன் ஆய்வில் மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று கேட்டால், எந்தப் புது மேட்டையும் நான் சொல்ல மாட்டேன், இந்த இரண்டு அளவீடுகளைத்தான் சொல்வேன்.

2014ல் வின்சென்ட் ஜொமெல்லியின் குழு கொலம்பியாவின் கொகுய் மலைத்தொடரில் ரிட்டாகுபா நெக்ரோ பனியாற்றின் மொரைன்களைத் தேதியிட்டு, ஆண்டீஸில் ஏற்கெனவே தேதியிட்டிருந்த மற்ற மொரைன்களையும் ஒரே வீதத்தில் மறுபடி கணக்கிட்டது. பனி அதிகம் முன்னேறியது அண்டார்டிகக் குளிர்த்திருப்பத்தின்போது என்றும், இளைய டிரையாஸின்போது அதைவிடச் சுருங்கியிருந்தது என்றும் முடிவு வந்தது. அதாவது வெப்பமண்டல ஆண்டீஸ், பூமத்தியரேகைக்கு வடக்கே இருக்கும் கொகுய் உட்பட, தெற்கோடு சேர்ந்து நின்றது. கெல்காயாவின் ஹுவான்கானே மேடு இதற்குள் அவ்வளவு எளிதில் அடங்காது. அங்கே பனி இளைய டிரையாஸின் முற்பகுதியில்தான் கடைசியாக வெளியே நின்றது, பிறகு அந்தக் குளிர்க் கட்டம் முடியும் முன்பே பின்வாங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மலையும் தன் மழையையும் தன் சரிவையும் வைத்துத்தான் பதில் சொல்கிறது.

அந்த மழை விஷயம் சிறியதல்ல. மொரைனின் தேதி பனி எப்போது அங்கே நின்றது என்று சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. பனியாறு வளர இரண்டு வழி உண்டு: குளிர் கூட வேண்டும், அல்லது பனிப்பொழிவு கூட வேண்டும். வெப்பமண்டலத்தில் இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. காற்று வறண்டிருந்தால் பனி உருகாமல் நேரடியாக ஆவியாகிவிடும், இதைப் பதங்கமாதல் என்கிறோம். ஒரு கிலோ பனியை உருக்க ஆகும் ஆற்றலைப் போல எட்டரை மடங்கு அதை ஆவியாக்க ஆகும். ஆகவே வறண்ட காற்றில் சூரிய ஆற்றல் பெரும்பங்கும் ஆவியாக்குவதிலேயே செலவாகி, மொத்தத்தில் பனி இழப்பு குறையும். ஈரக் காற்று வந்தால் அதே வெயில் பல மடங்கு பனியை உருக்கிவிடும். ஈரம் பனியைச் சேர்க்கவும் செய்கிறது, கரைக்கவும் செய்கிறது.

பொலிவியாவின் துனுப்பா எரிமலை இதற்கு நல்ல உதாரணம். இன்று உப்புப் பாலைவனமாகக் கிடக்கும் உயுனி சமவெளியின் விளிம்பில் அது நிற்கிறது. 16,000 ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் அந்தச் சமவெளி தௌகா என்ற மாபெரும் ஏரியின் அடியில் இருந்தது. துனுப்பாவின் மொரைன்களை ஹீலியம்-3 கொண்டு தேதியிட்டபோது, உலகின் மற்ற பல பனியாறுகள் பின்வாங்கத் தொடங்கி வெகுகாலமான பிறகும் இது தன் உச்ச எல்லைக்குப் பக்கத்திலேயே நின்றது தெரிந்தது. ஏரி வற்றிய காலத்தில்தான் அதுவும் பின்வாங்கியது. ஏரியின் அளவு மழையைச் சொல்கிறது, மொரைன் மழையையும் குளிரையும் சேர்த்துச் சொல்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குளிர் தனியே கிடைக்கும். இப்படி மழைக்குத் தனிச் சாட்சி கிடைக்கும் மலைகள் கொஞ்சம்தான்.

ருவென்சோரி வேறு வகையில் உதவுகிறது. அங்கே மழைக்குப் பஞ்சமே இல்லை, குவார்ட்ஸ் கொண்ட பழைய பாறைகள், பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரிகூட இல்லாத தூரம். பனியுக உச்சத்தில் பனியாறுகள் சுமார் 2,000 மீட்டர் உயரம் வரை இறங்கி, இன்று காடாக இருக்கும் இடம் வரை வந்தன. லிவிங்ஸ்டன் அடி வண்டலைத் தேதியிட்ட மஹோமா ஏரியைச் சேர்ந்த அதே கட்டத்து மேடுகளை பெரிலியம்-10 சுமார் 24,000 முதல் 20,000 ஆண்டு வரை என்று காட்டியது. அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா வறண்டிருந்தது என்று ஏரி வண்டல்கள் சொல்கின்றன. மழை குறைந்திருந்தும் பனி வளர்ந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் குளிர்தான். இந்த மலை இன்னொரு முக்கியமான தகவலையும் தந்தது: பனி பின்வாங்கத் தொடங்கியது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடத் தொடங்கியதோ 18,000 வாக்கில்தான். எனவே முதல் உந்துதல் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. 2019ல் மார்கரெட் ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் அது உயர் அட்சரேகைகளின் வெப்பமாதல் என்று வாதிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடுக்குப் பங்கில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது பிறகு சேர்ந்து வேகத்தைக் கூட்டியது.

சரி, கடலுக்கும் மலைக்கும் இருந்த பழைய சண்டை என்ன ஆனது? மேடுகள் உண்மையிலேயே பனியுக உச்சத்தைச் சேர்ந்தவை என்று தேதிகள் உறுதிசெய்ததும் மலைப்பக்கம் வலுத்தது. நிலத்தடி நீரில் கரைந்த அரிய வாயுக்கள், ஏரி வண்டலின் பாக்டீரியக் கொழுப்புகள் என்று மற்ற சாட்சிகளும் 5 டிகிரிக்கு மேல் குளிர் என்றே காட்டின. பல இடங்களின் நிலத்தடி நீரைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, தாழ், நடு அட்சரேகைகளின் தாழ்வான நிலப்பகுதிகள் சராசரியாக 5.8 டிகிரி குளிர்ந்தன என்கிறது. கடல் கணிப்பும் கிளைமேப் சொன்னதைவிடக் கூடுதல் குளிருக்கு நகர்ந்திருக்கிறது. மிச்ச வித்தியாசத்தில் ஒரு பங்கை உயரம் விளக்குகிறது. 2017ல் கென்யா மலை ஏரி வண்டலை ஆராய்ந்தவர்கள், பனியுகத்தில் உயரே போகப்போகக் குளிர் கூடும் வீதமே இன்றைவிடச் செங்குத்தாக இருந்தது என்று கண்டார்கள். அப்படியானால் தலைகீழாகவும் பார்க்க வேண்டும்: உலகம் சூடாகும்போது உச்சிகள் அடிவாரத்தைவிட வேகமாகச் சூடாகும்.

அண்மைக்கால மேடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த சில நூற்றாண்டுகளுக்குப் பாறைமேல் மெதுவாக வளரும் லைக்கன்களின் விட்டத்தை அளந்தே வயது கணிக்கலாம். பொலிவியாவிலும் பெருவிலும் இந்த முறையில் சிறு பனியுகம் எனப்படும் அண்மைக் குளிர்க் கட்டத்தின் உச்சம் 17ஆம் நூற்றாண்டில் என்று வந்தது. 4,500 மீட்டருக்கு மேலே பெரிலியம்-10 வேகமாகச் சேர்வதால் இவ்வளவு இளைய கற்களுக்கும் அது எட்டுகிறது. பெருவின் சல்கன்தாய் மலையில் 2009ல் அப்படி இரண்டு கட்டங்கள் கிடைத்தன: ஒன்று 8,600 ஆண்டு, மற்றது வெறும் 200 ஆண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவே பனி எங்கே இருந்தது? மொரைனால் சொல்ல முடியாத கேள்வி இது. உள்ளே சுருங்கியிருந்த காலத்து மேடுகள் பனிக்கு அடியில் போய்விட்டன. அந்தக் கேள்விக்கு இப்போது பனி உருகுவதே வழிவிட்டிருக்கிறது. இன்றைய பனிமுனைக்கு முன்னால், அண்மையில்தான் வெளிப்பட்ட அடிப்பாறையை அப்படியே வெட்டி எடுத்து, அதில் பெரிலியம்-10ஐயும் பாறைக்குள்ளேயே உண்டாகும் கார்பன்-14ஐயும் அளக்கிறார்கள். பனியுகம் முடிந்த பிறகு எப்போதாவது பனி இன்றைவிடச் சுருங்கியிருந்தால், அப்போது அந்தப் பாறை வெயில் பார்த்திருக்கும், அணுக்கள் சேர்ந்திருக்கும். இரண்டு ஐசோடோப்பை ஏன் அளக்கிறார்கள் என்றால், பனியாறு பாறையைத் தேய்த்தும் அணுக்களை அகற்றலாம். கார்பன்-14 மட்டும் 5,730 ஆண்டுக்குப் பாதியாகச் சிதைகிறது. இரண்டும் வெவ்வேறு விதத்தில் குறைவதால் புதைந்ததா தேய்ந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். 2024ல் வெளியான ஆய்வு ஒன்று வெப்பமண்டல ஆண்டீஸின் நான்கு பனியாறுகளுக்கு முன்னால் இதைச் செய்தது. இரண்டுமே ஏறக்குறைய இல்லை. கடந்த 11,700 ஆண்டுகளில் அந்தப் பனியாறுகள் இன்றைய அளவுக்குச் சிறுத்ததே இல்லை என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

கெல்காயாவில் வேறொரு சான்று இருக்கிறது. லோனி தாம்சனின் குழு அங்கே பின்வாங்கும் பனியின் விளிம்பில் வேரோடு நிற்கும் பழைய செடிகளைக் கண்டது. ரேடியோகார்பன் வயது சுமார் 5,000 ஆண்டு, இன்னும் உள்ளே தள்ளிக் கிடைத்தவை 6,000க்கு மேல். அந்தச் செடிகள் அங்கே முளைத்தபோது கெல்காயாவின் பனி இன்றைக்கு ஒப்பான அளவுக்காவது ஒதுங்கியிருக்க வேண்டும். நான்கு பனியாறுகளின் அடிப்பாறையோ அந்தக் காலத்திலும் பனி மூடியே இருந்தது என்கிறது. தட்டையான பனிமூடி ஒன்றும் செங்குத்தான பள்ளத்தாக்குப் பனியாறுகளும் ஒரே வெப்பநிலைக்கு ஒரே மாதிரி அசைய வேண்டியதில்லை. தட்டையான மூடியில் சமநிலைக் கோடு சற்று ஏறினாலே பெரும்பரப்பு உருகும் பக்கம் போய்விடும். வேறுபாட்டுக்கு அது மட்டும் போதுமா என்பதைக் கெல்காயாவின் விளிம்பில் வெளிப்படும் அடிப்பாறையிலும் இதே இரண்டு ஐசோடோப்புகளை அளந்து சரிபார்க்கலாம்.